உறக்கத்தில் அடைபடும் மூச்சு

இறப்புக்கு உறக்கத்தை உவமையாக்கினார் வள்ளுவர். அவ்வுவமையை இரவுதோறும் நினைவூட்டும் நோய் ஒன்றுண்டு. உறக்கத்தில் நாவின் அடியும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து மூச்சுவழியை அடைத்துவிடும். பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கும். குருதியில் ஒட்சிசன் குறையும். மூளை திடுக்கிட்டு விழிக்க, பெருங்குறட்டையுடன் மூச்சு மீளும். நோய் முற்றியவரிடம் இது மணிக்கு முப்பது முறைக்கு மேலும் நிகழும். காலையில் அவருக்கு அதன் நினைவே இராது. பகலில் அவர் கண்ணயர, உலகம் அவரைச் சோம்பேறி என்னும்.

வத்தளைக்கு வடக்கே, வெலிசறையில், முன்பு காசநோயாளரின் புகலிடமாக அறியப்பட்டு இன்று சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலையாக விளங்கும் நிலையம் உள்ளது. காசநோயை இருமல் காட்டிக் கொடுக்கும். 1882இல் கொக் அதன் கிருமியைக் கண்டார். பின்னர் எக்ஸ் கதிர்ப்படமும் துணைக்கு வந்தது. உறக்க மூச்சடைப்புக்கோ கிருமியுமில்லை, மார்புப் படத்தில் நிழலுமில்லை. நோயாளரே அறியாத நோய்க்குச் சாட்சி சொல்லக் கருவிகளே வரவேண்டியிருந்தன.

1956இல் அமெரிக்க வைத்தியர் பேர்வெல், சீட்டாட்டத்தில் வெல்லும் சீட்டுகள் கையிலிருக்கவே உறங்கிப்போன பருத்த மனிதர் ஒருவரைப் பற்றி எழுதினார். டிக்கன்ஸின் நாவலில் வரும் தூங்குமூஞ்சிச் சிறுவனை நினைந்து நோய்க்குப் பெயரும் சூட்டினார். ஆனால் நோயின் வேர் இரவிலிருந்தது. 1965இல் பிரான்சில் கஸ்தோவும், ஜேர்மனியில் யுங், கூலோ என்போரும் உறங்குவோரின் மூளை மின்னலைகளையும் மூச்சையும் ஒருங்கே பதிவு செய்து, உறக்கத்தில் மூச்சு நிற்பதைக் கண்டனர். 1974இல் யப்பானிய பொறியியலாளர் தாகுவோ அவோயாகி, உடலினூடே ஒளியைச் செலுத்தி, நாடித்துடிப்பின் துணைகொண்டு குருதியின் ஒட்சிசனை அளக்கும் முறையை வெளியிட்டார். மார்பிலும் வயிற்றிலும் பட்டி, மூக்கடியில் நுண்குழாய், விரலில் கவ்வி: இவையே இன்றைய உறக்கப் பரிசோதனையின் காவலர்கள்.

நோய் புலப்பட்டபின்னும் மருந்து எளிதாயில்லை. கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவதே கடும் நோயாளருக்கு உற்ற வழியாயிருந்தது. 1980இல் சிட்னி நகரில் வைத்தியர் கொலின் சல்லிவன், அறுவைக்கு மாற்றுவழி நாடிய ஒருவரின் மூக்கில் மூடியொன்றைப் பொருத்தி, தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு காற்றைச் செலுத்தினார். மூச்சுவழி திறந்தே நின்றது. 1981இல் 'லான்செற்' இதழில் ஐவரின் வரலாறு வெளிவந்தது. நாலரை முதல் பத்துச் சென்ரிமீற்றர் நீரழுத்தம் மட்டுமே ஐவருக்கும் இடையறாத உறக்கம் தந்தது. அக்கருவி நோயாளருக்காக மூச்சு விடுவதில்லை. நீர்கொழும்புத் தோணியின் பாயைக் காற்று விரித்து நிறுத்துவதுபோல, தொண்டை சுருங்காது தாங்கி நிற்கிறது, அவ்வளவே. அணிந்திருக்கும் வரைதான் அதன் காவல்.

குறட்டையை நல்லுறக்கத்தின் அடையாளமென்று போற்றுவது நம்மவர் வழக்கம். குறட்டை விடுவோர் அனைவரும் நோயாளரல்லர். ஆயினும் குறட்டை இடையில் அறுந்து, அமைதி நீண்டு, திணறலுடன் மீளுமாயின் அதை முதலில் கேட்பவர் அருகில் உறங்குபவரே. அவர் வைத்தியரிடம் சொல்லும் ஒரு சொல், கருவிகளுக்கு முந்திய சாட்சியாகும். பகலில் தூங்கிவிழும் ஒருவரைப் பழிக்குமுன், அவரது இரவைக் கேட்டறிதலே அறம்.