தேயிலையும் தீர்வையும்

ஜொகூர் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கும் எமக்குக் கணக்குப் புத்தகத்தோடுதான் பழக்கம் அதிகம். போஸ்டன் துறைமுகத்தில் அமெரிக்கர் தேயிலையைக் கடலில் கொட்டிய வரலாற்றையும் அக்கண்கொண்டே பார்க்கத் தோன்றுகிறது. ஆங்கிலப் பள்ளியில் எம் உபாத்தியாயர், "வரி உயர்ந்தது, ஜனங்கள் பொறுக்கவில்லை" என்று இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். கணக்கைப் புரட்டினால் விஷயம் வேறாக இருக்கிறது.

1773-இல் வரி உயரவேயில்லை. தேயிலையின் விலை குறைந்தது! 1767-இல் டவுன்ஷெண்டு என்னும் மந்திரி விதித்த தீர்வைகளுள், இராத்தலுக்கு 3 பென்னி என்னும் தேயிலைத் தீர்வை ஒன்றே எஞ்சியிருந்தது. கிழக்கிந்தியக் கும்பினியாரோ கடனில் மூழ்கிக் கிடந்தனர். அவர்தம் கிடங்குகளில் ஏறக்குறைய 1 கோடியே 70 இலட்சம் இராத்தல் சீனத்துத் தேயிலை விற்காமல் தேங்கிக் கிடந்தது. பார்லிமெண்டார் அவர்களைக் கைதூக்கிவிட எண்ணி, இங்கிலாந்தில் செலுத்தும் தீர்வையைத் திருப்பிக் கொடுத்து, சரக்கை நேரே அமெரிக்காவுக்கு அனுப்ப அனுமதித்தனர். கள்ளத்தனமாக வந்த தேயிலையினும் அது மலிவாயிற்று. ஆயினும் அந்த 3 பென்னியை மட்டும் விட மனம் வரவில்லை. அதைக் கொடுத்துக் குடித்தால், தாம் பிரதிநிதி அனுப்பாத சபைக்குத் தம்மீது வரி விதிக்கும் உரிமை உண்டென்று ஒப்பியதாகும் என்றனர் அமெரிக்கர். டிசம்பர் 16-ஆம் நாள் இரவு, மூன்று கப்பல்களிலிருந்த 342 பெட்டிகள் உடைபட்டுக் கடலில் விழுந்தன. கள்ளச்சரக்கில் இலாபம் கண்ட வியாபாரிகளும் அக்கிளர்ச்சியை ஆதரித்தனர் என்பதை மறைப்பானேன்? சுதந்திரம் பேசியவருள் அடிமைகளை வைத்திருந்தாரும் உண்டு.

நிற்க. இதில் நம்மவர் கதையும் கலந்திருக்கிறது. 1770-இல் கும்பினி ஆட்சியிலிருந்த வங்காளத்தைப் பெரும்பஞ்சம் சூறையாடியது. ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கேனும் அழிந்ததென்று வாரன் ஹேஸ்டிங்ஸே 1772-இல் எழுதினார். 1771-ஆம் ஆண்டின் வரி வசூல் பஞ்சத்துக்கு முந்திய 1768-ஐயும் மிஞ்சியதென்றும் அவரே எழுதினார். செக்ரோலில் மூன்றில் ஒருவர் பெயர் அடிக்கப்பட்டபின் வசூல் கூடியதென்று எழுதினால், எந்தத் தோட்டத்திலும் கிராணியைத்தான் முதலில் பிடிப்பார்கள்! 1773-இல் ஜான் டிக்கின்சன் என்னும் பென்சில்வேனியாக்காரர் அப்பஞ்சத்தைச் சுட்டிக் காட்டி, கும்பினியார் அடுத்துக் கைவைக்க வருவது நம்மீதே என்று தம் மக்களை எச்சரித்தார். வங்காளத்துக் குடியானவன் பட்டினி அமெரிக்கனுக்குப் பாடமாயிற்று.

1781-இல் யார்க்டவுனில் அமெரிக்கரிடம் சரணடைந்த காரன்வாலிஸ், 1786-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்து, 1793-இல் வங்காளத்துக்கு நிரந்தர நிலவரித் திட்டம் வகுத்தார் என்பதையும் வாசகர் நினைவில் கொள்க.

தமிழகத்திலோ தேயிலைக்குப் பதில் உப்பு. 1930 ஏப்ரல் 13-இல் இராஜகோபாலாச்சாரியார் தொண்டர் சுமார் நூற்றுவரோடு திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தார். அவர்களுக்குச் சோறோ இடமோ அளிப்பவர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஊரார் என்ன செய்தனர்? சோற்று மூட்டைகளைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போயினர். கொடுத்தவர் யாரென்று எந்த மரம் சாட்சி சொல்லும்? ஏப்ரல் 30-இல் உப்பெடுத்தவர் சிறை புகுந்தார். போஸ்டனில் பெட்டி உடைத்தவர் முகத்தில் சாயம் பூசி வேடம் புனைந்திருந்தனர், வேதாரணியத்தில் வேடமில்லை. அவ்வுப்புவரி 1947-இல் ஒழிந்தது.