பொங்கல் ஆட்டத்துக்கு ஓர் இரங்கல்

சேப்பாக்கத்தில் பொங்கலையொட்டி நடந்துவந்த பிரசிடென்சி மேட்ச் என்ற கிரிக்கெட் ஆட்டம் 1952-ஓடு நின்றுபோனது. ஒரு பக்கம் இந்தியர், மறுபக்கம் ஐரோப்பியர். ஆண்டவனும் ஆளப்பட்டவனும் தனித்தனி அணியாக நின்று ஆடும் ஆட்டத்துக்குச் சுதந்திர நாட்டில் என்ன வேலை? அது போனதில் எனக்கு வருத்தமில்லை. அதற்கு அடித்தளம் போட்ட மனிதரையும் அதனோடு சேர்த்து மறந்துவிட்டோமே, அதற்குத்தான் அழுகிறேன்.

மோதவரப்பு வெங்கட மகிபதி நாயுடு என்பது அவருடைய முழுப்பெயர். ஊர் கூப்பிட்டது புச்சி பாபு என்று. 1868-ல் பிறந்தவர். பாரி கம்பெனிக்கு துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, இருந்தவரின் குடும்பம், மயிலாப்பூர் லஸ் ஹவுஸில் வாழ்க்கை. கிரிக்கெட் ஆடிப் பிழைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, ஆசைக்காக ஆடினார். ஆனால், 1846-லிருந்தே இருந்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பில் இந்தியனுக்கு இடமில்லை. எதிரணியாகப் போனாலும் வெள்ளைக்காரர்கள் பெவிலியனில் சாப்பிடுவார்கள், நம்மவர்கள் மரத்தடியில். லஸ் ஹவுஸ் செல்வந்தருக்கும் அதே மரத்தடிதான். அவருக்கு அது பொறுக்கவில்லை. 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். வசதியில்லாத பிள்ளைகளுக்கு மட்டையும் கால்காப்பும் வாங்கிக் கொடுத்து ஆட வைத்தார். சமமாக ஆடிக் காட்டினால் சமமாக உட்கார வைத்தே தீர வேண்டும் என்பது அவர் கணக்கு. சரியான கணக்கு என்றுதான் சொல்வேன்.

இருபது ஆண்டு உழைப்புக்குப் பிறகு அந்த நாள் வந்தது. 1908 டிசம்பரில் இந்தியரும் ஐரோப்பியரும் மோதும் ஆட்டத்துக்கு ஏற்பாடு ஆயிற்று. ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு புச்சி பாபு இறந்துபோனார். வயது நாற்பது. ஆட்டம் நடந்தது, அவர் பார்க்கவில்லை.

வீட்டில் மூன்று ஆண் பிள்ளைகள். தன் ஆசையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார். மூவரும் ஆட்டக்காரர்களாக வளர்ந்தார்கள். அப்பா இறந்தபோது பன்னிரண்டு வயதுப் பையன் ராமசாமி. தாய்வழித் தாத்தா தத்தெடுத்ததால் கோட்டா ராமசாமி. 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடினார். 1936-ல் இங்கிலாந்தில், மான்செஸ்டர் மைதானத்தில் அவருடைய முதல் கிரிக்கெட் டெஸ்ட். 40, 60 என்று எடுத்தார். அப்போது அவருக்கும் வயது நாற்பது! தகப்பன் கண்மூடிய வயதில் மகன் நாட்டுக்காக மட்டை பிடித்தார். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர் அவர். 1985 அக்டோபரில் வீட்டை விட்டுக் கிளம்பினார். அதன்பின் யாரும் அவரைப் பார்க்கவில்லை. எண்பத்தொன்பது வயது மனிதர் எங்கே போனார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

பிரசிடென்சி மேட்ச் 1915-லிருந்து ஆண்டு வழக்கமாயிற்று. சி.கே. நாயுடு 1920-ல் அடித்த பந்து மைதானத்தையும் தாண்டி வெளியே நின்ற தென்னை மரத்தருகே போய் விழுந்த கதையைப் பழைய சென்னைக்காரர்கள் பேசிப் பேசி மகிழ்ந்தார்கள். ஆடியவர்களில் பெரும்பாலோர் இந்த ஆட்டத்தால் வயிறு வளர்த்தவர்கள் அல்லர். அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தவர்கள்.

அந்த வகை ஆட்டக்காரர்கள் முற்றிலும் போய்விடவில்லை. ஏற்காட்டுப் பக்கம் தலைச்சோலை போன்ற மலையூர்களில் கையகல சமதரை கிடைத்தாலும் பையன்கள் ஸ்டம்புக்குக் குச்சி நட்டுவிடுகிறார்கள். பந்து சரிவில் உருண்டு காப்பிச் செடிக்குள் போனால் தேடி எடுக்கவே நேரம் போகும். அவர்களுக்கும் யாரும் காசு கொடுப்பதில்லை. ஆனால், மட்டை வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் நிற்கும் ஒரு பெரியவர் ஒவ்வொரு ஊருக்கும் வாய்ப்பதில்லை. நான் இழப்பு என்று சொல்வது அதைத்தான்.

புச்சி பாபு நினைவாக 1909-ல் தொடங்கிய, அவர் பெயரிலான போட்டி இடையில் சில ஆண்டுகள் நின்றுபோய், 2023-ல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் முயற்சியால் திரும்ப வந்தது. 2024-ல் சேலத்திலும் ஆட்டங்கள் நடந்தன. மலையிலிருந்து இறங்கினால் எட்டிவிடுகிற தூரம். அடுத்த முறை நடக்கும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பெயர் யாருடையது என்று சொல்லிக் கொடுங்கள்.