மோட்டார் இல்லங்களில் மின் பாதுகாப்பின் வரலாறு

மோட்டார் இல்லம் என்பது படுக்கை, சமையலறை, கழிவறை முதலியவற்றைத் தன்னுள் கொண்டு, தானே ஓடக்கூடிய வாகனமாகும். வேறொரு வண்டியால் இழுத்துச் செல்லப்படுவது பயண டிரெய்லர் எனப்படும். தமிழ்நாட்டில் படப்பிடிப்புத் தளங்களில் காணப்படும் கேரவன்களும் இந்த வகையைச் சார்ந்தவையே. இவ்வாகனங்கள் மிகுதியாகப் பயன்படும் நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்கு இவற்றின் மின் பாதுகாப்பு முறைகள் ஒரே நாளில் உருவானவை அல்ல. வண்டிகளின் வளர்ச்சி, மின்அதிர்ச்சி பற்றிய ஆய்வு, மின் விதிகளில் செய்யப்பட்ட திருத்தங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து அவற்றை உருவாக்கின.

தொடக்க காலம்

அமெரிக்க வீடுகளில் மின்சாரம் முதலில் விளக்குக்காகவே வந்தது. வேறு கருவிகளை இயக்க வேண்டுமானால் விளக்கு ஹோல்டரில் திருகி இணைக்க வேண்டியிருந்தது. எளிதில் கழற்றி மாட்டக்கூடிய பிளக்கிற்கு ஹார்வி ஹப்பெல் 1904இல் காப்புரிமை பெற்றார். தேசிய மின் விதித் தொகுப்பு 1897ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருந்தது. ஆயினும், புதிய வீடுகளில் எர்த் இணைப்புள்ள மூன்று துளை சாக்கெட்டுகள் பொதுவான விதியாக 1962 வரை ஆயிற்று.

வாலி பையம் 1936இல் வெளியிட்ட ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் என்னும் அலுமினிய டிரெய்லரில் மின்விளக்குகள் இருந்தன. அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் 1958இல் தொடங்கிய வின்னபேகோ நிறுவனம், 1966 முதல் மோட்டார் இல்லங்களைத் தொழிற்சாலை முறையில் தயாரித்தது. நடுத்தரக் குடும்பங்களும் இவ்வண்டிகளை வாங்கலாயின. குளிர்சாதனம், மைக்ரோவேவ் அடுப்பு, அறை சூடேற்றி ஆகியவை உள்ளே வந்தபோது மின்தேவை பெருகியது. அத்துடன் ஆபத்தும் பெருகியது.

டால்சியலின் ஆய்வு

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்தவர் சார்லஸ் டால்சியல். மின்கம்பியைப் பிடித்த கை, எவ்வளவு மின்னோட்டம் வரை தானாக விடுபட இயலும் என்பதை அவர் தன்னார்வலர்களைக் கொண்டு அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியரும், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியரும் எல்லையாக அமைந்தன. அதற்கு மேல் தசைகள் இறுகிக் கொள்வதால் கையை எடுக்க இயலாது.

இந்த அளவுகள் ஓர் உண்மையை வெளிப்படுத்தின. 15 ஆம்பியர் ஃபியூஸ் என்பது கம்பி சூடாகித் தீப்பற்றாமல் காப்பது. மனிதரைக் காப்பது அன்று. உயிருக்கு ஆபத்தான மின்னோட்டம் அந்த ஃபியூஸை அசைக்கக்கூட முடியாத அளவுக்குச் சிறியது.

இதற்குத் தீர்வாக 1961இல் டால்சியல் மின்கசிவுத் துண்டிப்பானை உருவாக்கினார். ஃபேஸ் கம்பியில் செல்லும் மின்னோட்டமும் நியூட்ரல் கம்பியில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும். ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், அது வேறு வழியாக, ஒருவேளை மனித உடல் வழியாக, கசிகிறது என்று கருதி இக்கருவி நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டிக்கும். அமெரிக்க விதிகள் இதனை 1968இல் நீச்சல் குளத்தின் நீரடி விளக்குகளுக்கும், 1975இல் குளியலறைகளுக்கும், 1987இல் சமையலறைகளுக்கும் கட்டாயமாக்கின. பொழுதுபோக்கு வாகனங்களுக்கும் அவை நிறுத்தப்படும் முகாம்களுக்கும் தனியாக 551ஆம் பிரிவு வகுக்கப்பட்டது.

உடல் முழுவதும் மின்சாரம்

வண்டிக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. ரப்பர் சக்கரங்கள் வண்டியை நிலத்திலிருந்து பிரித்து வைக்கின்றன. உள்ளே ஏதேனும் கருவியில் கசிவு ஏற்பட்டு, மின்வடத்தின் எர்த் கம்பியும் அறுந்திருந்தால், வண்டியின் உலோக உடல் முழுவதும் மின்னேற்றம் பெறும். உள்ளே இருப்பவர் ஒன்றும் உணரமாட்டார். ஈரமண்ணில் வெறுங்காலுடன் நின்று கதவுப் பிடியைத் தொடுபவரே அதிர்ச்சிக்கு உள்ளாவார்.

தரையில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து வண்டியுடன் இணைத்தால் போதும் எனப் பலர் நம்புகின்றனர். கணக்கு இதை மறுக்கிறது. மண்ணின் மின்தடை 25 ஓம் எனக் கொண்டால், 120 வோல்ட்டில் அதன் வழியே 4.8 ஆம்பியரே பாயும். 30 ஆம்பியர் பிரேக்கர் இதற்கு டிரிப் ஆகாது. வண்டி மின்னேற்றத்துடனேயே நிற்கும். பிழை நேரும்போது பிரேக்கர் விழுவதற்கு, மின்வழங்கல் வரை முறிவின்றிச் செல்லும் எர்த் கம்பியே தேவை.

30 ஆம்பியர் குழப்பம்

டிரெய்லர்களுக்கென உருவான 30 ஆம்பியர் சாக்கெட்டில் ஃபேஸ், நியூட்ரல், எர்த் என மூன்று துளைகள் உண்டு. அதன் மின்னழுத்தம் 120 வோல்ட். திறன் 3600 வாட். பழைய துணி உலர்த்திகளுக்கான 30 ஆம்பியர் சாக்கெட்டிலும் மூன்று துளைகளே உள்ளன. ஆனால் அது 240 வோல்ட். வீட்டு முற்றத்தில் வண்டிக்கு சாக்கெட் அமைக்கும் மின்பணியாளர் பழக்கத்தால் 240 வோல்ட் கொடுத்துவிட்டால், 120 வோல்ட்டுக்கான கருவிகள் கருகிப் போகும். பெரிய வண்டிகளுக்கான 50 ஆம்பியர் சாக்கெட் நான்கு துளைகள் கொண்டது. அது இரு ஃபேஸ்களிலும் சேர்த்து 12,000 வாட் தரும்.

இன்றைய நடைமுறை

இந்த அனுபவங்களிலிருந்து சில வழக்கங்கள் நிலைபெற்றுள்ளன:

* முகாமின் மின்கம்பத்தில் பிரேக்கரை அணைத்த பின்னரே பிளக்கை மாட்டவோ கழற்றவோ வேண்டும்.
* மாட்டுவதற்கு முன் மின்னழுத்தம், ஃபேஸ் - நியூட்ரல் வரிசை, எர்த் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.
* மின்வடத்தைச் சுருளாக விடாமல் முழுவதும் விரிக்க வேண்டும். சுருளில் வெப்பம் தேங்கும்.
* அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும்; மின்திறனைக் கூட்டாது. 15 ஆம்பியர் சாக்கெட்டில் 1500 வாட் சூடேற்றி ஒன்றே 12.5 ஆம்பியரை எடுத்துக்கொள்ளும்.
* மின்கசிவுத் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.
* வண்டியைத் தொடும்போது சிறு கூச்சம் தெரிந்தாலும் உடனே விலகி, கம்பத்தில் பிரேக்கரை அணைக்க வேண்டும். எர்த் இணைப்பு முறிந்திருப்பதற்கான முதல் அறிகுறியாக அது இருக்கலாம்.