டப்பால் பைக்கு இரண்டு சாவி

நுவரெலியா தபால் நிலையத்துக்கு இப்போது கடிதம் போட வருகிறவர்களைவிடப் படமெடுக்க வருகிறவர்கள்தான் அதிகம். 1894இல் கட்டிய செங்கல் கட்டடம். 2023இல் அதை ஹோட்டலுக்குக் கொடுக்கும் பேச்சு எழுந்தபோது தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன் கூர்க்கோபுரத்தைவிட அங்கே போய்வந்த பூட்டுப் பையைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா தோட்டத்து டப்பால்காரர். நான் பிறகு அதே தோட்டத்து ஆபீசில் கிளாக்கரானேன்.

ரயில் 1884இல் அட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. கொழும்புக் கடிதத்துக்கு மலை கிட்டவாகிவிட்டது. அதற்கு மேல் டப்பால்காரரின் கால்தான். காலையில் பூட்டிய பையோடு இறங்குவார், மத்தியானம் பூட்டிய பையோடு ஏறுவார். பைக்கு இரண்டு சாவி: ஒன்று ஆபீசில், மற்றது போஸ்ட் மாஸ்டரிடம். சுமக்கிறவர் கையில் சாவி கிடையாது. துரைக்கு வரும் கம்பெனிக் கடிதமும், லயத்து ஆட்களுக்கு இந்தியாவிலிருந்து வரும் கடிதமும் அதே பைக்குள்தான். லயத்துக் காம்பராக்களுக்குத் தனி விலாசம் கிடையாது, எல்லாம் தோட்டத்து ஆபீஸ் வழி. இன்றும் பல தோட்டங்களில் அப்படித்தான். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கைக்கு வந்த கதை மலையகத்தில் எந்தப் பக்கம் போனாலும் கேட்கும்.

ஆபீசில் பூட்டை மாற்றினால் புதுச் சாவியில் ஒன்றைப் போஸ்ட் மாஸ்டருக்கு அனுப்ப வேண்டும். மறந்துவிட்டால் பை திறக்காமலே திரும்பி வரும். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: சாவி சேரவில்லை. கணினி உலகம் அப்படியொரு சீட்டு எழுதப் பழகுவதற்குப் பல வருஷம் பிடித்தது.

1992இல் அரசாங்கத் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. 1995இல் இலங்கையில் வணிக இன்டர்நெட் தொடங்கியது. கொஞ்ச காலத்தில் எங்கள் ஆபீசிலும் ஒரு கணினி வந்து உட்கார்ந்தது. கொழுந்து நிறுவை, செக்ரோல் கணக்கு எல்லாம் மாலையில் கொழும்புக்கு ஈமெயிலில் போக வேண்டும். மோடமும் டெலிபோனும் ஒரே கம்பியில். ஆடி மழையில் அந்தக் கம்பி தேயிலைச் சரிவில் எங்கேயாவது உரசும், லைன் அறுந்துவிடும். மறுபடி டயல் செய்தால் பாஸ்வேர்ட் கேட்கும் பெட்டி வரும். அடித்தால் மறுபடி அதே பெட்டி. "என்ன கிளாக்கர், பாஸ்வேர்ட் மறந்துபோச்சா?" என்று சின்னத் துரை கேட்பார். அவருக்கு முன்னால் ஒவ்வொரு எழுத்தாக அழுத்திக் காட்டுவேன். பெட்டி மறுபடி வரும்.

பாஸ்வேர்டில் ஒரு குறையும் இல்லை. அப்போது கடிதம் இறக்கித் தந்த முறைக்குப் பெயர் பாப். அதன் முதல் வடிவத்தை ஜாய்ஸ் ரேனால்ட்ஸ் 1984இல் எழுதினார். மூன்றாவது வடிவம் 1988இல் வந்து, 1996இல் திருத்தப்பட்டு நிலைத்தது. அந்த விதிப்படி ஒருவர் உள்ளே நுழைந்ததும் சர்வர் அவருடைய கடிதப் பெட்டியைப் பூட்டிவிடும், இரண்டாவது ஆளுக்குத் திறக்காது. பாதியில் லைன் அறுந்தால் நாம் வெளியே வந்துவிட்டது சர்வருக்குத் தெரியாது. பேச்சுமூச்சில்லாமல் குறைந்தது பத்து நிமிஷம் போன பிறகுதான் அது தானாகப் பூட்டை எடுக்கலாம். அதற்குள் நாம் மறுபடி போனால் மறுக்கும். மறுப்பதற்கு அதனிடம் இருந்தது ஒரே குறி, 'பிழை'. பின்னால் ஒரு வரி காரணம் எழுதியிருக்கலாம். ஆனால் அது ஆளுக்கு ஆள் மாறுகிற வாசகம், புரோகிராமுக்கு விளங்காது. பாஸ்வேர்ட் கொடுத்த இடத்தில் பிழை என்று வந்ததால் பாஸ்வேர்ட்தான் தப்பு என்று எடுத்துக்கொண்டு புரோகிராம் பாஸ்வேர்ட் பெட்டியை நீட்டும். நாங்கள் கண்டுபிடித்த வைத்தியம், மோடத்தை அணைத்துவிட்டு ஒரு ப்ளேன்டீ குடிப்பது. ஏன் பலித்தது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

1998இல் 'பெட்டி வேறொருவர் பிடியில்' என்பதற்குத் தனிக் குறி வந்தது. 2002இல் இன்னும் இரண்டு: கோளாறு பாஸ்வேர்டிலா, சர்வரிலா என்று பிரித்துச் சொல்ல. சீட்டு ஒருவழியாக வந்துவிட்டது. எல்லாச் சர்வரும் அதை எழுதவில்லை, எல்லாப் புரோகிராமும் வாசிக்கவுமில்லை.

பிறகு பூட்டே மாறியது. வெறும் பாஸ்வேர்டோடு வரும் பழைய புரோகிராம்களுக்கு 2022 மே 30 முதல் ஜிமெயில் கதவைச் சாத்தத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்டும் தன் நிறுவனச் சேவையில் அந்த வழியை அடைக்கத் தொடங்கியது. இப்போது புரோகிராம் நம்மைப் பிரௌசர் பக்கத்துக்கு அனுப்பி அங்கிருந்து அனுமதிச் சீட்டு வாங்கிவர வேண்டும். அதற்கு வழியில்லாத பழைய புரோகிராமுக்கு, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு ஜிமெயில் தரும் 16 எழுத்துத் தனிப் பாஸ்வேர்டைக் கொடுக்கலாம்.

ஓய்வுக்குப் பிறகும் தோட்டத்துப் பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள்: "தாத்தா, திரும்பத் திரும்பக் கேக்குது." பிரௌசரில் திறக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். திறந்தால் பாஸ்வேர்ட் நல்லது. மாற்றாதே, கணினியில் சேமித்து வைத்த பழையதை அழி. பெயர் கேட்கிற இடத்தில் முழு ஈமெயில் விலாசமும் இருக்கிறதா பார். அனுப்பும் சர்வருக்கும் பாஸ்வேர்டைத் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும்; வருகிற கடிதம் வந்து, போகிறது மட்டும் போகாவிட்டால் கோளாறு அங்கேதான். கடைசியாகத் தேதி. பழைய கணினியில் உள் பேட்டரி செத்திருந்தால் கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும். அப்போது சர்வரின் சான்றிதழ் செல்லாது என்று புரோகிராம் மறுத்துவிடும். நாணயம் மாதிரி இருக்கும் பேட்டரி அது, அட்டன் கடைகளிலேயே கிடைக்கும்.