காரன்வாலிஸ்: ஒரு பெயர், பல ஆட்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

நிலவரித் திட்டம் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் "காரன்வாலிஸ் பிரபு" என்று எழுதுவேன். வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது எழுந்து, "சார், அமெரிக்காவுல வாஷிங்டன் படைகிட்ட சரணடைஞ்சவரும் காரன்வாலிஸ்தானே, அவரும் இவரும் ஒருத்தரா?" என்று கேட்கும். ஒருத்தர்தான். ஆனால் பினாங்கில் இருக்கும் உறவுகள் தினமும் பார்க்கும் கோட்டை காரன்வாலிஸ், கனடாவின் வடகோடியில் உள்ள காரன்வாலிஸ் தீவு, ஹாலிஃபாக்ஸ் நகரில் சில வருடங்களுக்கு முன் இறக்கப்பட்ட காரன்வாலிஸ் சிலை, கென்ட் கிரிக்கெட் அணியின் தலைவர் காரன்வாலிஸ், இவை எல்லாம் ஒரே ஆள் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு இதைப் பிரித்துப் பார்க்க நேரம் கிடைத்தது. பார்த்ததில், நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து நிலத்தின் கதையும் அதற்குள் இருந்தது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போடுகிறோம். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்து மாறிவிடும், தாத்தா பெயர் போய்விடும். இங்கிலாந்துப் பிரபுக் குடும்பங்களில் பெயர், பட்டம், நிலம் மூன்றும் ஒரே முடிச்சு. மூன்றும் மூத்த மகனுக்கு. மற்ற மகன்கள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ராணுவம், கடற்படை, திருச்சபை என்று பிழைப்புத் தேடிப் போக வேண்டும். காரன்வாலிஸ் என்ற பெயர் உலக வரைபடம் முழுக்கச் சிதறிக் கிடப்பதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

பாடப்புத்தகத்துக் காரன்வாலிஸ் மூத்த மகன். பெயர் சார்லஸ், 1738இல் பிறந்தவர். ஈட்டன் பள்ளியில் ஹாக்கி ஆடும்போது கண்ணில் அடிபட்டு, அந்தக் கண் கடைசி வரை சற்று ஒருபக்கமாகவே இருந்தது. அடித்த பையன் பிற்காலத்தில் டர்ஹாம் நகரின் பிஷப் ஆனார்! 1766இல், அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு எந்தச் சட்டமும் போட இங்கிலாந்துக்கு உரிமை உண்டு என்ற மசோதா பிரபுக்கள் சபைக்கு வந்தபோது, எதிர்த்து வாக்களித்த ஐந்தே பேரில் இவர் ஒருவர். பத்து வருடம் கழித்து அதே அமெரிக்கர்களை அடக்கப் படையோடு போனார். உத்தரவு என்றால் உத்தரவு.

1781 அக்டோபர் 19, யார்க்டவுன். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட படையோடு சரணடைந்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லி, வாளை ஒப்படைக்கத் தனக்குக் கீழிருந்த ஓஹாரா என்பவரை அனுப்பினார். தரையில் தோற்றதை விட, கடலில் கைவிடப்பட்டார் என்பதே சரி. டி கிராஸ் என்ற பிரெஞ்சு அட்மிரல் வளைகுடா வாயை அடைத்து நின்றார், பிரிட்டிஷ் கப்பல்களால் உள்ளே வர முடியவில்லை. இந்த டி கிராஸ் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார்.

யார்க்டவுன் அவர் வாழ்க்கையைக் கெடுக்கவில்லை. 1786இல் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவுக்கு வந்தார். கம்பெனி ஆட்களின் லஞ்சத்தைக் குறைக்கச் சம்பளத்தை உயர்த்தினார், வரி வசூலையும் நீதியையும் பிரித்தார். அதே கையால் உயர்ந்த பதவிகளை இந்தியர்களுக்கு அடைத்தார். "சீர்திருத்தங்களை விவரி" என்று ஐந்து மதிப்பெண் கேள்வி கேட்டோமே, இந்தக் கடைசி வரியை எழுதிய பிள்ளைகளுக்கு நான் முழு மதிப்பெண் போட்டேன்.

1793 மார்ச் 22 அன்று நிரந்தர நிலவரித் திட்டம் வங்காளத்தில் அறிவிக்கப்பட்டது. ஜமீன்தார் நிலத்துக்கு உரிமையாளர். வசூலில் பதினொன்றில் பத்துப் பங்கு கம்பெனிக்கு, ஒரு பங்கு அவருக்கு. அந்தத் தொகை என்றைக்கும் மாறாது. ஜான் ஷோர் என்ற அனுபவசாலி அதிகாரி, பத்து வருடம் சோதித்துப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்கலாம் என்று மன்றாடினார். காரன்வாலிஸ் கேட்கவில்லை. நிலம் ஒரு குடும்பத்தில் நிலைத்தால் அந்தக் குடும்பம் நிலத்தைப் பேணும் என்பது அவருக்கு அனுபவ உண்மை. அவர் வீடே அப்படித்தானே! சஃபோக்கில் உள்ள தன் பரம்பரை நிலத்தைப் பார்த்த கண்ணால் வங்காளத்தைப் பார்த்தார் என்பது என் கணிப்பு. உழுகிறவன் அந்தக் கண்ணில் படவில்லை. தவணை நாளில் சூரியன் மறைவதற்குள் பணம் கட்டாவிட்டால் ஜமீன் ஏலம். பல பழைய குடும்பங்கள் நிலத்தை இழந்தன. கல்கத்தாவில் கையில் காசு வைத்திருந்தவர்கள் வாங்கினார்கள்.

இனி நம்ம ஊர். திப்பு சுல்தான் 1789 டிசம்பரில் திருவிதாங்கூர் எல்லையைத் தாக்கியதும் போர் தொடங்கியது. முதல் வருடம் மெடோஸ் நடத்திய போர் கோயம்புத்தூர்ப் பக்கம் இழுத்துக்கொண்டே போனதால், காரன்வாலிஸ் தானே தலைமை ஏற்க வந்தார். 1791 மார்ச்சில் பெங்களூர் விழுந்தது. மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல் வரை போய், சோறும் மாடும் தீர்ந்துபோய், முற்றுகைப் பீரங்கிகளைத் தானே அழித்துவிட்டுப் பின்வாங்கினார். ஜூலையில் நம்ம ராயக்கோட்டை பிடிபட்டது. 1792 பிப்ரவரியில் திரும்பவும் முற்றுகை. திப்பு உடன்பாட்டுக்கு இறங்கி வந்தார். பாதி ராஜ்யம், மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய், பிணையாக இரண்டு மகன்கள். அந்தப் பாதியில் கம்பெனிக்கு வந்த பங்கில் மலபாரும் திண்டுக்கல்லும் பாரமகாலும் இருந்தன. பாரமகால் என்றால் வேறு எதுவும் இல்லை, நாம் நடந்து திரிந்த மண்தான்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. பாரமகாலை நிர்வகிக்க அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரியை காரன்வாலிஸ் அனுப்பினார். ரீடுக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ, நம்ம தருமபுரியில் தங்கி வேலை பார்த்தவர். இவர்கள் கிராமம் கிராமமாக நிலத்தை அளந்து, உழவரிடமே நேராக வரி பேசினார்கள். பிற்பாடு ரயத்துவாரி என்று பெயர் வாங்கிய முறை இங்கேதான் முளைவிட்டது. அதாவது காரன்வாலிஸ் பிடித்துக் கொடுத்த நிலத்திலேயே, காரன்வாலிஸ் திட்டத்துக்கு எதிரான திட்டம் வளர்ந்தது. கல்கத்தா விடவில்லை. 1802 முதல் சென்னை மாகாணத்திலும் நிரந்தரத் திட்டம் வந்தது. சேலம் சீமையை மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். "பெரிய மிட்டா மிராசு மாதிரி பேசறான்" என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்த மிட்டா இதுதான். பல மிட்டாதார்கள் வரி கட்ட முடியாமல் திரும்பக் கொடுத்தார்கள். மிச்சம் இருந்தவற்றை முடித்து வைக்க 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

அண்ணனை விட்டுத் தம்பிக்கு வருவோம். இந்தக் குடும்பத்தில் எனக்குப் பிடித்தவர் இவர்தான். வில்லியம் காரன்வாலிஸ், 1744இல் பிறந்தவர், சின்ன வயதிலேயே கப்பலேறியவர். 1780இல் ஜமைக்காவில் காய்ச்சலில் செத்துப் பிழைத்த ஓர் இளம் கேப்டனைத் தன் கப்பலில் ஏற்றிக் கவனித்து ஊர் சேர்த்தார். அந்த இளைஞர் நெல்சன். தன் உயிரைக் காத்தவர் இவரே என்று நெல்சன் நன்றி பாராட்டினார்.

அண்ணனை யார்க்டவுனில் அடைத்து வைத்த டி கிராஸ், ஆறே மாதத்தில் தம்பியின் எதிரில் வந்தார். 1782 ஏப்ரல் 12, மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட்ஸ் போர். வில்லியமின் கப்பல் பெயர் 'கனடா'. அது டி கிராஸின் பிரம்மாண்டமான 'வில் டி பாரி' கப்பலோடு நெடுநேரம் மோதியது. மாலையில் டி கிராஸ் சிறைப்பட்டார். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

1789இல் வில்லியம் இந்தியக் கடலுக்குத் தளபதியாக வந்தார். அண்ணன் கல்கத்தாவில், தம்பி கடலில். அந்தமானில் கம்பெனி அமைத்த குடியிருப்புக்கு முதலில் போர்ட் காரன்வாலிஸ் என்று பெயர் வைத்தது இந்தத் தம்பியை முன்னிட்டுத்தான். அதுவே பின்னால் போர்ட் பிளேர். திப்புவுக்குப் போர்ச்சாமான் போகாமல் தடுக்க மலபார்க் கரையில் பிரெஞ்சுக் கப்பல்களையும் நிறுத்திச் சோதித்தார். பிரான்ஸோடு போர் இல்லாத காலம் அது. இருந்தும் 1791 நவம்பரில் தலச்சேரிக்கு அருகே அவருடைய கப்பல்கள் 'ரெசொல்யூ' என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலோடு மோதிப் பிடித்தன. 1793இல் புதுச்சேரி முற்றுகையின்போது கடல் வழியை அடைத்ததும் இவர்தான். தானே முற்றுகையை நடத்த அண்ணன் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு வந்து சேர்வதற்குள் ஊர் சரணடைந்துவிட்டது.

அவர் பெயர் நிற்பது ஒரு பின்வாங்கலால். 1795 ஜூன், பிரெஞ்சுக் கரைக்கு அப்பால். இவரிடம் ஐந்து பெரிய போர்க்கப்பல்கள், துரத்தி வந்தவர்களிடம் பன்னிரண்டு. கடைசியில் வந்த 'மார்ஸ்' அடிபட்டுப் பின்தங்கியது. அதை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வில்லியம் தன் 'ராயல் சாவரின்' கப்பலைத் திருப்பிக்கொண்டு போய் இடையில் நிறுத்தினார். இன்னொரு பக்கம் 'ஃபீட்டன்' என்ற சிறு கப்பலைத் தூரத்துக்கு அனுப்பி, பின்னால் பெரிய படை வருவதுபோலக் கொடிகளை ஏற்றச் செய்தார். இல்லாத படையைக் கண்டு பிரெஞ்சுக்காரர்கள் திரும்பிப் போனார்கள். ஒரு கப்பலைக்கூட இழக்கவில்லை. பிறகு நெப்போலியன் படையெடுப்பை எதிர்பார்த்திருந்த வருடங்களில், பிரெஸ்ட் துறைமுகத்துக்கு வெளியே மழையிலும் புயலிலும் காவல் நின்றார். டிரஃபால்கர் என்றால் நெல்சன் பெயர் எல்லோருக்கும் தெரியும். காவல் நின்றவருக்குப் பெரிய புகழ் இல்லை. ஆர்க்டிக்கில் ஒரு தீவு கொடுத்தார்கள்.

இனி சித்தப்பா எட்வர்ட். இவரும் இளைய மகன்தான். கூடப் பிறந்த இரட்டையர் ஃபிரடெரிக், கேன்டர்பரி பேராயராகவே ஆனார். எட்வர்ட் படைக்குப் போய், 1749இல் சுமார் 2,500 குடியேறிகளோடு கனடாவில் ஹாலிஃபாக்ஸ் நகரை நிறுவினார். அந்த மண் மிக்மாக் என்ற பூர்வகுடிகளுடையது. அவர்கள் எதிர்த்தபோது, பிடிக்கப்படும் அல்லது கொல்லப்படும் ஒவ்வொரு மிக்மாக் ஆளுக்கும் பத்து கினி பரிசு என்று அதே வருடம் அக்டோபரில் உத்தரவு போட்டார். கொன்றதற்கு அடையாளம் உச்சந்தலைத் தோல். இதற்கு மேல் இவரைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. 1931இல் வைத்த அவர் சிலையை, மிக்மாக் மக்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2018 ஜனவரி 31 அன்று நகரசபை இறக்கியது.

சார்லஸ் 1805இல் இரண்டாம் முறை இந்தியா வந்து, சில மாதங்களிலேயே காசிப்பூரில் இறந்தார். கங்கைக் கரையோர ஊர், கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது. அவர் மகனுக்கு ஐந்தும் பெண்கள். 1823இல் அவர் இறந்ததும் மார்க்வெஸ் பட்டம் அற்றுப்போனது, சஃபோக் நிலங்கள் கைமாறின. நிலம் குடும்பத்தில் நிலைக்கும் என்று வங்காளத்துக்கே சட்டம் போட்டவரின் நிலம், அவர் மகனோடு போயிற்று. எஞ்சிய ஏர்ல் பட்டம் தம்பி வழிக்குப் போனது. அந்த வழியின் கடைசி ஆள், தாய்வழியில் லின்டன் என்ற எஸ்டேட் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தன் குடும்பப் பெயரையே 'மன்' என்று மாற்றிக்கொண்டவர். 1852இல் அவரும் போனார். பிறகு அவர் மகள் வழிப் பேரப்பிள்ளைகளுக்காக 1859இல் அரச அனுமதி வாங்கிக் காரன்வாலிஸ் என்ற பெயரைத் திரும்ப எடுத்தார்கள். நிலத்துக்காகப் பெயரை விட்டு, பெருமைக்காகப் பெயரை எடுத்த கதை.

கிரிக்கெட் வீரர் வருவது இந்த வழியில். வைக்கம் ஸ்டான்லி காரன்வாலிஸ், 1892இல் பிறந்தவர். (நம்ம பக்கத்து வைக்கத்தோடு சம்பந்தமில்லை!) முதல் உலகப் போரில் குதிரைப்படையில் இருந்து வந்து, 1924 முதல் 1926 வரை கென்ட் அணிக்குத் தலைவர். அணியில் ஃபிராங்க் உல்லியும் சுழற்பந்து வீச்சாளர் ஃபிரீமனும் இருந்தார்கள். ஆட்டத் திறமையில் தலைவர் அவர்கள் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் தலைவர் 'அமெச்சூர்' ஆகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்தக் கால வழக்கம், அதாவது சம்பளம் தேவைப்படாத ஆள். ஸ்கோர் அட்டையில்கூட அமெச்சூருக்கு இனிஷியல் முன்னால், சம்பளக்காரருக்குப் பின்னால். நாம் சாதாரணமாக முன்னால் போடும் இனிஷியல் அங்கே அந்தஸ்தின் அடையாளம்! 1962இல்தான் அந்தப் பிரிவினையை எடுத்தார்கள். வைக்கமின் தம்பி ஆஸ்வால்ட், கடற்படை அதிகாரியாகவும் இருந்து முதல்தரக் கிரிக்கெட்டும் ஆடினார்.

மூத்த அண்ணன் ஃபியன்ஸ், பட்டத்துக்குரிய வாரிசு. 1921 மே மாதம் அயர்லாந்தில் கால்வே பகுதியில் விடுதலைப் போராளிகளின் பதுங்கித் தாக்குதலில் கொல்லப்பட்டார். 1798 கலகத்தின்போது அதே அயர்லாந்துக்கு ஆட்சியாளராகப் போய், அதை இங்கிலாந்தோடு இணைக்கும் சட்டத்தை நிறைவேற்றி வைத்தவர் சார்லஸ் காரன்வாலிஸ். கத்தோலிக்கருக்கு உரிமை கொடுத்தால்தான் இணைப்பு நிற்கும் என்றார் அவர். மன்னர் மறுத்ததும் பதவியை விட்டார். அதில் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அண்ணன் இறந்ததால்தான் கிரிக்கெட் வீரர் பின்னாளில் பிரபுவானார்.

சென்னைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். தேனாம்பேட்டை செனடாப் சாலைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த காரன்வாலிஸ் நினைவு மண்டபத்தால். மண்டபம் பிறகு கோட்டைப் பக்கம் போய்விட்டது. தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய அவருடைய பெரிய சிலை கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஹாலிஃபாக்ஸ் சிலையை இறக்கியதுபோல இதையும் எடுக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன், பீடத்துக்காக. அண்ணாந்து முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். குனிந்து பீடத்தைப் பாருங்கள். திப்புவின் இரண்டு சிறுவர்களையும் பிணையாக ஒப்படைக்கும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகளைச் சென்னையில்தான் வைத்திருந்தார்கள். பணம் முழுதும் கட்டிய பிறகு, 1794இல்தான் அப்பாவிடம் திருப்பி அனுப்பினார்கள். உங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போகவும்.