கால்பந்து வீரர்களிடையே மறதிநோய்

கால்பந்து வீரர்களிடையே மறதிநோய் என்பது, தொழில்முறையாகக் கால்பந்து விளையாடி ஓய்வு பெற்றவர்களுக்கு முதுமையிலும், சிலருக்கு முதுமைக்கு முன்னரும் ஏற்படும் நினைவிழப்பு, அறிதிறன் குறைபாடு ஆகியவற்றைக் குறிக்கும். பந்தைத் தலையால் திரும்பத் திரும்ப முட்டுவதற்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டா என்பது 2002 ஆம் ஆண்டிலிருந்து ஐக்கிய இராச்சியத்தில் பரவலாக விவாதிக்கப்பட்டு வருகிறது. இங்கிலாந்து வீரர் ஜெஃப் ஆசிலின் மரணம், 1966 உலகக்கோப்பையை வென்ற அணியினருள் பலருக்கு ஏற்பட்ட மறதிநோய், 2019 இல் வெளியான கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு ஆகியவை இவ்விவாதத்தின் முக்கியத் திருப்பங்களாகும். நோயுற்ற வீரர்களைப் பல ஆண்டுகள் பராமரித்த மனைவியரும் பிள்ளைகளுமே இச்சிக்கலைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தனர்.

பின்னணி

கைகளைத் தவிர்த்து உடலின் பிற பகுதிகளால் பந்தை ஆட அனுமதிக்கும் விளையாட்டு கால்பந்து ஆகும். உயர வரும் பந்தை எதிர்கொள்ளத் தலையால் முட்டுவது இன்றியமையாத திறனாகக் கருதப்படுகிறது. நடுத் தடுப்பாட்டக்காரர்களும் நடு முன்கள வீரர்களும் இத்திறனை அதிகம் பயன்படுத்துவர். போட்டிகளில் முட்டுவதைவிடப் பயிற்சியில் முட்டும் எண்ணிக்கை பன்மடங்கு அதிகமாகும்.

1937 முதல் விதிகளின்படி பந்தின் எடை 14 முதல் 16 அவுன்சு வரை இருக்க வேண்டும். இது உலர்ந்த நிலையில் உள்ள எடையாகும். பழைய தோல் பந்துகள் மழையிலும் சேற்றிலும் நீரை உறிஞ்சி எடை கூடின. இன்றைய செயற்கைப் பொருளாலான பந்துகள் நீரை அவ்வாறு உறிஞ்சுவதில்லை. ஆனால் அவை விரைவாகச் செல்வதால் மோதலின் விசை குறைந்துவிட்டது என்று கூற இயலாது.

தலையில் ஏற்படும் தொடர் அடிகளால் மூளை பாதிக்கப்படும் என்பது கால்பந்துக்கு முன்னரே குத்துச்சண்டையில் அறியப்பட்டிருந்தது. அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928 இல் குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்பட்ட தள்ளாட்டம், மந்தத்தன்மை ஆகியவற்றை விவரித்தார். அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்சுடரின் மூளையில் இத்தகைய சிதைவைக் கண்ட பென்னட் ஒமாலு, தமது ஆய்வை 2005 இல் வெளியிட்டார்.

மூளையில் நிகழ்வது

மூளை, மண்டையோட்டினுள் மூளைத்தண்டுவட நீர்மத்தில் மிதக்கும் மென்மையான உறுப்பாகும். தலை திடீரென அசையும்போது மூளையும் அசைந்து நரம்பிழைகள் இழுபடுகின்றன. மயக்கமோ தலைச்சுற்றலோ உண்டாக்காத சிறு மோதல்களும் ஆயிரக்கணக்கில் சேரும்போது தீங்கு விளைவிக்கக்கூடும் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இவ்வகைச் சேதத்தால் ஏற்படும் நோய் நாட்பட்ட அதிர்ச்சிசார் மூளைநோய் (சி.டி.இ.) எனப்படுகிறது. டௌ எனும் புரதம் மூளை மடிப்புகளின் ஆழத்தில், சிறு இரத்தக் குழாய்களைச் சுற்றி அசாதாரணமாகப் படிவது இதன் அடையாளமாகும். நினைவிழப்பு, எரிச்சல், மனச்சோர்வு, குணமாற்றம் ஆகியவை இதன் அறிகுறிகளாகச் சொல்லப்படுகின்றன. இறந்தபின் மூளையை ஆராய்ந்தே இந்நோயை உறுதிசெய்ய முடியும். எனவே உயிருடன் உள்ள வீரருக்கு ஆல்சைமர் நோய் அல்லது இரத்தக் குழாய்சார் மறதிநோய் என்றே பெரும்பாலும் பெயரிடப்படுகிறது. ஒருவருக்கே ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் சேர்ந்தும் இருக்கலாம்.

ஜெஃப் ஆசில்

ஜெஃப் ஆசில் (மே 13, 1942 – ஜனவரி 19, 2002) வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் கழகத்தின் புகழ்பெற்ற முன்கள வீரர் ஆவார். 1964 முதல் 1974 வரை அக்கழகத்திற்காக 361 போட்டிகளில் ஆடி 174 கோல்கள் அடித்தார். 1968 ஆம் ஆண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் எவர்ட்டன் அணிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் அடிக்கப்பட்ட ஒரே கோல் இவருடையதாகும். இங்கிலாந்துக்காக 5 போட்டிகளில் ஆடினார். 1970 உலகக்கோப்பை அணியிலும் இடம்பெற்றார். பந்தைத் தலையால் முட்டுவதில் வல்லவராக அறியப்பட்டார். ஓய்வுக்குப் பின் சன்னல் துடைக்கும் தொழில் நடத்திவந்தார்.

ஐம்பது வயதுகளின் நடுவிலேயே இவருக்கு மறதிநோய் தோன்றியது. இறுதிக் காலத்தில், தாம் கால்பந்து வீரராக இருந்ததையே இவர் அறியவில்லை. கால்பந்து அவருக்குத் தந்த அனைத்தையும் கால்பந்தே பறித்துக்கொண்டது என்ற பொருளில் அவருடைய மகள் டோன் ஆசில் பின்னர் கூறினார். 59 ஆம் வயதில், மகளின் வீட்டில் உணவு தொண்டையில் அடைத்து ஆசில் இறந்தார்.

2002 நவம்பரில் நடந்த மரண விசாரணையில், அவருடைய மூளைச் சேதம் குத்துச்சண்டை வீரரின் மூளையில் காணப்படுவதை ஒத்திருந்தது என நோயியல் மருத்துவர் சாட்சியம் அளித்தார். கனமான தோல் பந்துகளைத் திரும்பத் திரும்ப முட்டியதே காரணம் என ஏற்ற மரண விசாரணை அதிகாரி, இது 'தொழில்சார் நோயால் நேர்ந்த மரணம்' எனத் தீர்ப்பளித்தார். சுரங்கத் தொழிலாளருக்கும் ஆலைத் தொழிலாளருக்கும் வழங்கப்பட்டு வந்த இத்தீர்ப்பு, கால்பந்து வீரருக்கு வழங்கப்பட்டது பெரும் கவனத்தை ஈர்த்தது.

இதனையடுத்துக் கால்பந்துச் சங்கமும் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் சங்கமும் இளம் வீரர்களைக் கொண்டு நீண்டகால ஆய்வொன்றைத் தொடங்கின. ஆய்வுக்கு உட்பட்ட பலர் விளையாட்டை விட்டு விலகியதால் அது முடிவின்றி நின்றுபோனது. இதனைக் குடும்பத்தினர் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தனர். 2014 இல் மருத்துவர் வில்லி ஸ்டூவர்ட், பாதுகாக்கப்பட்டிருந்த ஆசிலின் மூளையை மீண்டும் ஆராய்ந்து, அவருக்கு இருந்தது சி.டி.இ. நோய் என உறுதிசெய்தார். அதே ஆண்டில் கால்பந்துச் சங்கத்தின் தலைவர் கிரெக் டைக் குடும்பத்திடம் மன்னிப்புக் கோரினார்.

'ஜெஃபுக்கு நீதி' என்ற பெயரில் குடும்பத்தினர் நடத்திய இயக்கத்திற்கு ஆதரவாக, ஆசிலின் சட்டை எண்ணைக் குறிக்கும் வகையில், ஆல்பியன் இரசிகர்கள் போட்டிகளின் 9 ஆவது நிமிடத்தில் கைதட்டினர். 2015 ஏப்ரலில் ஆல்பியன் அணியினர் 1968 இறுதிப் போட்டி உடையின் மாதிரியை அணிந்து ஆடினர். அவ்வாண்டிலேயே ஜெஃப் ஆசில் அறக்கட்டளை தொடங்கப்பட்டது.

1966 உலகக்கோப்பை அணி

1966 ஜூலை 30 அன்று வெம்பிளி அரங்கில் மேற்கு செருமனியை 4-2 என வென்ற இங்கிலாந்து அணியின் பதினொருவருள் ஐவர் பிற்காலத்தில் மறதிநோய்க்கு ஆளாயினர். அவர்கள் பின்வருமாறு:

* ரே வில்சன் – இறப்பு 2018
* மார்ட்டின் பீட்டர்சு – இறப்பு 2019
* ஜாக் சார்ல்டன் – இறப்பு ஜூலை 2020
* நாபி ஸ்டைல்சு – இறப்பு அக்டோபர் 2020
* பாபி சார்ல்டன் – நோய் 2020 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. இறப்பு அக்டோபர் 2023

பாபி சார்ல்டனின் மறைவுக்குப் பின் அப்பதினொருவருள் ஜெஃப் ஹர்ஸ்ட் மட்டுமே எஞ்சினார். சிறுவர்கள் பந்தைத் தலையால் முட்டுவதைத் தடைசெய்யும் கருத்தை அவர் 2020 இல் ஆதரித்தார். ஸ்டைல்சின் மூளையைக் குடும்பத்தினர் ஆய்வுக்கு அளித்தனர், அதிலும் சி.டி.இ. கண்டறியப்பட்டது.

பிற நாடுகளிலும் இத்தகைய நிகழ்வுகள் உண்டு. 1958 உலகக்கோப்பையை வென்ற பிரேசில் அணியின் தலைவர் பெல்லினி 2014 இல் இறந்தபின், அவருடைய மூளையிலும் சி.டி.இ. இருப்பது கண்டறியப்பட்டது.

ஆய்வுகள்

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2017 இல் வெளியிட்ட ஆய்வில், மறதிநோயுற்ற 14 முன்னாள் வீரர்கள் இடம்பெற்றனர். இறந்தபின் ஆராயப்பட்ட 6 மூளைகளில் நான்கில் சி.டி.இ. காணப்பட்டது, ஆறிலும் ஆல்சைமர் நோய் இருந்தது.

வில்லி ஸ்டூவர்ட் தலைமையிலான கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு 2019 அக்டோபரில் வெளியானது. 1900 முதல் 1976 வரை பிறந்த 7,676 முன்னாள் ஸ்காட்லாந்துத் தொழில்முறை வீரர்கள், பொதுமக்களுள் ஏறத்தாழ 23,000 பேருடன் ஒப்பிடப்பட்டனர். நரம்புச் சிதைவு நோயால் இறந்தோர் வீரர்களிடையே 1.7 விழுக்காடாகவும் பொதுமக்களிடையே 0.5 விழுக்காடாகவும் இருந்தனர். வயது முதலியவற்றைக் கணக்கில் கொண்டபின் இவ்வேறுபாடு ஏறத்தாழ மூன்றரை மடங்காகும். ஆல்சைமர் நோயைப் பொறுத்தவரை இது ஐந்து மடங்காக இருந்தது. அதேவேளையில், இதயநோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் இறந்த வீரர்கள் குறைவு. 70 வயது வரை வீரர்களின் இறப்பு வீதம் பொதுமக்களுடையதைவிடக் குறைவாகவே இருந்தது.

இதன் தொடர்ச்சியாக 2021 இல் வெளியான ஆய்வு, ஆடிய இடத்தைப் பொறுத்து ஆபத்து மாறுபடுவதைக் காட்டியது. தடுப்பாட்டக்காரர்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆபத்து காணப்பட்டது. பந்தை அரிதாகவே தலையால் முட்டும் கோல் காப்பாளர்களிடம் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 15 ஆண்டுகளுக்கு மேல் ஆடியவர்களுக்கும் ஆபத்து ஐந்து மடங்காக இருந்தது. ஆடிய காலத்தைப் பொறுத்து வேறுபாடு காணப்படவில்லை. எனவே தோல் பந்து மறைந்தவுடன் சிக்கலும் மறைந்தது என்ற கருத்துக்கு இவ்வாய்வு ஆதரவளிக்கவில்லை.

2023 இல் வெளியான சுவீடன் ஆய்வில், அந்நாட்டின் முதல்நிலைத் தொடரில் ஆடிய 6,007 ஆண் வீரர்களுள் 8.9 விழுக்காட்டினருக்கு நரம்புச் சிதைவு நோய் இருந்தது; ஒப்பீட்டுக் குழுவில் இது 6.2 விழுக்காடாகும். அங்கும் கோல் காப்பாளர்களுக்கு ஆபத்து கூடவில்லை. அதே ஆண்டில் 459 முன்னாள் வீரர்களிடம் நடத்தப்பட்ட இங்கிலாந்து ஆய்வில், ஒரு போட்டியில் 15 தடவைக்கு மேல் முட்டியதாகக் கூறியவர்களுக்கு, 0 முதல் 5 தடவை முட்டியவர்களைவிட அறிதிறன் குறைபாட்டுக்கான வாய்ப்பு ஏறத்தாழ மூன்றரை மடங்காக இருந்தது.

குடும்பங்கள் மீதான தாக்கம்

மறதிநோய் நோயாளியை மட்டுமன்றி வீட்டினரையும் தாக்கும் நோயாகும். மனைவியின் பெயரையும் பிள்ளைகளின் முகத்தையும் மறத்தல், இரவில் உறங்காமை, வழி தவறுதல், அமைதியானவர் திடீரெனச் சினங்கொள்ளுதல் ஆகியவற்றைக் குடும்பத்தினர் நாள்தோறும் எதிர்கொள்கின்றனர். பராமரிப்பவர் பெரும்பாலும் முதுமையடைந்த மனைவியே ஆவார். ஊரார் இன்னும் கொண்டாடும் கோலை, அடித்தவரே மறந்துவிட்ட நிலை இக்குடும்பங்களுக்கே உரிய துயரமாகும்.

பணச்சுமையும் பெரிது. இன்றைய நட்சத்திர வீரர்களைப் போல் அக்கால வீரர்கள் செல்வந்தர்கள் அல்லர். 1961 வரை இங்கிலாந்தில் வீரர்களின் உச்ச ஊதியம் வாரத்திற்கு 20 பவுண்டாக வரையறுக்கப்பட்டிருந்தது. உலகக்கோப்பையை வென்ற ரே வில்சன் ஓய்வுக்குப் பின் ஈமச்சடங்கு ஏற்பாட்டாளராகத் தொழில் செய்தார். இங்கிலாந்தில் மருத்துவம் இலவசமாகக் கிடைத்தாலும், மறதிநோயாளிக்குத் தேவைப்படும் அன்றாடப் பராமரிப்பு சமூகப் பராமரிப்பாகக் கருதப்படுகிறது. 23,250 பவுண்டுக்கு மேல் சொத்துடையோர் பொதுவாக அச்செலவைத் தாமே ஏற்க வேண்டும். பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதற்காகக் குடியிருந்த வீட்டையே விற்க நேர்வதும் உண்டு. நாபி ஸ்டைல்சு 2010 இல் குடும்பத்தின் நலன் கருதித் தமது பதக்கங்களை ஏலத்தில் விற்றார். உலகக்கோப்பைப் பதக்கம் 1,88,200 பவுண்டுக்கு விலைபோனது. அதனை மான்செஸ்டர் யுனைடெட் கழகம் வாங்கியது.

நாபி ஸ்டைல்சின் மகன் ஜான் ஸ்டைல்சும், முன்னாள் வீரர் மைக் சட்டனின் மகன் கிறிஸ் சட்டனும், இருவரும் தாமே தொழில்முறை வீரர்களாக இருந்தவர்கள். தந்தையரின் நோயைக் கண்ட இவர்கள், வீரர்கள் சங்கம் போதிய உதவி செய்யவில்லை எனக் கடுமையாகக் குறைகூறினர். முன்னாள் முன்கள வீரர் ஆலன் ஷியரர் 2017 இல் இச்சிக்கல் குறித்து பி.பி.சி. ஆவணப்படம் ஒன்றை வழங்கினார். 2021 இல் வீரர்கள் சங்கம் டோன் ஆசிலைத் தம் ஆலோசகராக நியமித்தது. 2023 செப்டம்பரில் அச்சங்கமும் பிரீமியர் லீக்கும் இணைந்து, 10 இலட்சம் பவுண்டு தொடக்கத் தொகையுடன் நோயுற்ற வீரர்களின் குடும்பங்களுக்கான உதவி நிதியம் ஒன்றை அமைத்தன. தேவையோடு ஒப்பிடுகையில் இத்தொகை மிகச் சிறியது எனச் சில குடும்பங்கள் கருதுகின்றன. கால்பந்து அமைப்புகள் தீங்கை அறிந்திருந்தும் வீரர்களைக் காக்கத் தவறின என்று கூறி முன்னாள் வீரர்கள் சிலரும் குடும்பத்தினரும் வழக்குத் தொடுத்துள்ளனர்.

விதி மாற்றங்கள்

* 2015: ஐக்கிய அமெரிக்காவில் 10 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் பந்தைத் தலையால் முட்டுவது தடைசெய்யப்பட்டது, 11 முதல் 13 வயதினருக்குப் பயிற்சியில் வரம்பு விதிக்கப்பட்டது.
* 2020: இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவற்றில் தொடக்கப்பள்ளி வயதுச் சிறுவருக்குப் பயிற்சியில் தலையால் முட்டுவது நிறுத்தப்பட்டது.
* 2021: இங்கிலாந்தில் வீரர்கள் பயிற்சியில் விசைமிக்க முட்டல்களை வாரத்திற்கு 10 என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வழிகாட்டப்பட்டது.
* 2022: ஸ்காட்லாந்துத் தொழில்முறைக் கழகங்களில் போட்டிக்கு முந்தைய நாளும் அடுத்த நாளும் முட்டல் பயிற்சி தவிர்க்கப்பட்டது.
* 2024: தலைக் காயத்திற்கான கூடுதல் மாற்று வீரர் முறை ஆட்ட விதிகளில் நிலையாகச் சேர்க்கப்பட்டது. இங்கிலாந்தில் சிறுவர் போட்டிகளில் வேண்டுமென்றே தலையால் முட்டுவதைப் படிப்படியாக நீக்கும் திட்டமும் 2024-25 பருவத்தில் தொடங்கியது.

மாற்றுக் கருத்துகள்

கிளாஸ்கோ, சுவீடன் ஆய்வுகள் தொடர்பைக் காட்டினவேயன்றி, ஒவ்வொரு வீரரும் எத்தனை முறை பந்தை முட்டினார் என்பதை அளக்கவில்லை. வீரர்களின் தலைகள் ஒன்றோடொன்று மோதுவதும் மூளை அதிர்ச்சியும் நோய்க்குக் காரணமாகலாம். மறதிநோய் விளையாடாதவர்களிடமும் மிகுதியாகக் காணப்படுவதாலும், மரபுக்கூறுகளுக்கும் பங்கு உண்டு என்பதாலும், தனி ஒருவரின் நோய்க்குக் கால்பந்துதான் காரணம் என உறுதியாகக் கூறுவது கடினம். இவ்வாய்வுகள் தொழில்முறை ஆண் வீரர்களைப் பற்றியவை. பொழுதுபோக்காக ஆடுவோருக்கும் பெண் வீரர்களுக்கும் அவற்றை அப்படியே பொருத்த இயலாது.

எனினும் கோல் காப்பாளர்களுக்கும் தடுப்பாட்டக்காரர்களுக்கும் இடையிலான வேறுபாடு, தலையால் முட்டுவதையே முதன்மைக் காரணியாகச் சுட்டுகிறது என ஸ்டூவர்ட் முதலியோர் கருதுகின்றனர். முழுமையான சான்று கிடைக்கும்வரை காத்திராமல், தேவையற்ற முட்டல்களை இப்போதே குறைக்க வேண்டும் என்பது அவர்களின் நிலைப்பாடாகும்.

இவற்றையும் பார்க்க

* ஆல்சைமர் நோய்
* மூளை அதிர்ச்சி
* குத்துச்சண்டை
* 1966 உலகக்கோப்பை கால்பந்து
* தொழில்சார் நோய்கள்