தோல் தொழில் பகுதி ஏரிகளுக்குப் பறவைகள் திரும்ப வருமா? நஞ்சராயன் குளமும் வேடந்தாங்கலும் காட்டும் வழி

திருப்பூர் நகரை ஒட்டி, சர்க்கார் பெரியபாளையம் அருகே நஞ்சராயன் குளம் உள்ளது. நல்லாற்றுத் தண்ணீரோடு சாயக் கழிவும் நகரத்துச் சாக்கடையும் வந்து சேர்ந்த குளம் இது. இந்தக் குளத்தை 2022-ல் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் உலக அளவில் முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இது சேர்ந்தது. சுமார் 125 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் குளத்தில் 190 வகைப் பறவைகள் வரை பதிவாகியுள்ளன.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை பகுதி விவசாயிகள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே சாயம் என்றால் இங்கே தோல். அங்கே நொய்யல் என்றால் இங்கே பாலாறு. தொழிற்சாலை ஊரில் ஏரி கெட்டால் கெட்டதுதான் என்ற பேச்சு நம் பக்கம் அதிகம். அந்தப் பேச்சு சரியில்லை என்பதற்கு நஞ்சராயன் ஒரு சாட்சி.

அங்கே நடந்தது ஒரே நாளில் நடந்ததல்ல. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலை வரும் வரை திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. மறுபக்கம், உள்ளூர்ப் பறவை ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் குளத்துக்கு வரும் பறவைகளை எண்ணிப் பதிவு செய்து வந்தார்கள். சரணாலயம் கேட்டபோது கையில் கணக்கு இருந்தது. குளத்தில் சாக்கடை கலக்கும் சிக்கல் இன்னும் முழுதாகத் தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் பறவைகள் வருகின்றன.

பாலாற்றுப் படுகையின் கதை உங்களுக்குத் தெரிந்ததே. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வை உச்ச நீதிமன்றம் 28.8.1996 தீர்ப்பில் எடுத்துக் காட்டியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில்தான் ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற விதி நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியானது. 30.1.2025-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரவும், அந்தத் தொகையை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கவும், ஆற்றைச் சீர் செய்வதைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும் உத்தரவிட்டுள்ளது. ஆறு மீள்வது நீதிமன்றத்தையும் அரசையும் தொழிலையும் பொறுத்தது. ஊர் ஏரியில் நம் கையில் உள்ள வேலை வேறு. அதற்கு நல்ல பாடம் வேடந்தாங்கல்.

வேடந்தாங்கல் விவசாயிகள் செய்தது

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் உள்ள வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். நம் காவேரிப்பாக்கம் ஏரியோடு ஒப்பிட்டால் சிறு குட்டை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு 1798-ல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். 1936-ல் அது சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

பறவை அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அந்த ஊர் போராடவில்லை. மரத்தில் கூடு கட்டும் ஆயிரக்கணக்கான நாரை, கொக்கு, நீர்க்காகங்களின் எச்சம் ஏரியில் விழுகிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. மதகு வழியாக வயலுக்குப் பாயும் தண்ணீரே உரத்தண்ணீர். அதனால் உரச் செலவு குறைகிறது என்று அங்குள்ள விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்திலும் எச்சம் படிந்த வண்டலை ஊர்க்காரர்கள் வயலுக்கு அடிப்பது வழக்கம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

ஏரிக்கு வரும் பறவை நெல்லைத் தின்னாதா என்று கூட்டங்களில் தவறாமல் கேட்கிறார்கள். ஏரி மரத்தில் கூடு கட்டுபவை பெரும்பாலும் மீன், தவளை, நத்தை, பூச்சி தின்பவை. நத்தைகுத்தி நாரை வயல் நத்தையைப் பொறுக்கித் தின்னும். அரிவாள் மூக்கன் வயல் நண்டையும் மண்ணில் உள்ள புழுவையும் எடுக்கும். நீர்க்காகத்தால் மீன் குத்தகைக்காரருக்குக் கொஞ்சம் நட்டம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. குத்தகை விடும்போதே ‘வெடி போட்டுப் பறவையை விரட்டக் கூடாது’ என்று நிபந்தனையாக எழுதி, அதற்கேற்பத் தொகையைக் குறைப்பது நியாயம். மயில் வேறு விஷயம். அது நிலக்கடலையையும் நாற்றையும் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கும் ஏரிப் பறவைக்கும் தொடர்பில்லை. மயிலுக்கு விஷம் வைப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம்.

கூடு கட்ட என்ன வேண்டும்

வட தமிழகத்தில் ஏரிப் பறவைகள் வடகிழக்குப் பருவமழையோடு வந்து, கூடு கட்டி, குஞ்சு பறக்கும் வரை பங்குனி வாக்கில் இருக்கும். அதுவரை கூடு உள்ள மரத்தின் அடியில் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் இருந்தால்தான் நாயும் காட்டுப்பூனையும் மரத்தை நெருங்காது. தண்ணீர் வற்றினால் குஞ்சைக் கூட்டிலேயே விட்டுவிட்டுத் தாய்ப்பறவை போய்விடும்.

இங்கேதான் நவரைப் பட்டத்தோடு மோதல் வருகிறது. பயிருக்கும் அதே மாதங்களில்தான் தண்ணீர் வேண்டும். ஏரியைத் தூர் வாரும்போது, மரங்கள் உள்ள பகுதியைச் சுற்றி மதகின் அடிமட்டத்துக்குக் கீழே சற்று ஆழப்படுத்தினால், மதகு வழியாக எடுத்தது போக மிச்சம் அங்கே தேங்கும். பாசனத்துக்கும் குறைவில்லை. எடுத்த மண்ணில் ஒரு பகுதியை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து, அதன்மேல் நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் நடலாம். ஏரி முழுவதையும் கிண்ணம் போல ஒரே ஆழமாக வெட்டுவது பெரிய தவறு. உள்ளான், கொக்கு நடந்து இரை தேட முழங்காலளவுத் தண்ணீர் உள்ள சரிவான கரை வேண்டும்.

ஏரியில் ஏற்கெனவே நிற்கும் மரங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சமூகக் காடுகள் திட்டத்தில் வளர்ந்த கருவேல மரங்கள் ஏலத்துக்கு வரும்போது ஊராட்சிக்கும் பங்கு வருமானம் உண்டு. அதை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஐப்பசி முதல் சித்திரை வரை வெட்டக் கூடாது என்றும், பறவை அமர்ந்த தோப்பை விட்டுவிட வேண்டும் என்றும் ஏலத்துக்கு முன்பே வனத்துறைக்குக் கிராம சபைத் தீர்மானம் அனுப்புங்கள். சீமைக் கருவேலத்தை அகற்றுவதிலும் அதே கவனம் வேண்டும். அது ஏரிக்குக் கேடுதான். இருந்தாலும் வேறு மரமில்லாத ஏரிகளில் பறவைகள் அதில்தான் கூடு வைக்கின்றன. நாட்டு மரம் வளர வளர, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதே நல்லது.

நம் பகுதிக்கு மட்டுமான கவனம்

வண்டல் அடிப்பது நல்ல பழக்கம். 2024 முதல் வட்டாட்சியர் அனுமதியோடு ஏரி வண்டலை இலவசமாகவும் எடுக்கலாம். ஆனால் தோல் கழிவு வந்து சேர்ந்த ஏரி என்றால், பரிசோதிக்காமல் ஒரு டிராக்டர் மண் கூட வயலில் கொட்ட வேண்டாம். தோல் பதப்படுத்தும் உப்பும் குரோமியமும் அடி மண்ணில் தங்கும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தையோ அணுகி முதலில் மண்ணின் உப்புத் தன்மையைப் பாருங்கள். குரோமியத்துக்குத் தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும். பாசனத் தண்ணீரின் மின்கடத்தும் திறன் 2.25-ஐத் தாண்டினால் சாதாரணப் பயிர்களுக்கு ஆகாது.

பறவையைப் பார்த்தே ஓரளவு தண்ணீரை மதிப்பிடலாம். சிவந்த நீண்ட காலுடைய நெடுங்கால் உள்ளான் சாக்கடைக் குட்டையிலும் கூட்டமாக மேயும். அது மட்டும் இருந்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பாம்புத்தாரா, மீன்கொத்தி, கரண்டிவாயன் ஆகியவையும் வந்து தங்கினால் ஏரியில் மீனும் மற்ற நீர்வாழ் உயிர்களும் பிழைத்திருக்கின்றன என்று கொள்ளலாம். எந்த மாதம், எந்தப் பறவை, எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பள்ளிப் பிள்ளைகளே இதைச் செய்வார்கள். நஞ்சராயன் குளத்துக்குக் கைகொடுத்தது இப்படிப்பட்ட கணக்குதான்.

வயலில் அடிக்கும் மருந்து

1995-96-ல் அர்ஜென்டினா விவசாயிகள் வெட்டுக்கிளிக்கு மோனோகுரோட்டோபாஸ் அடித்தார்கள். வட அமெரிக்காவிலிருந்து வலசை போன ஒருவகைப் பருந்துகள் அந்த வெட்டுக்கிளிகளைத் தின்று ஆயிரக்கணக்கில் செத்தன. அந்த மருந்தை விலக்கிக்கொண்ட பின், சில ஆண்டுகளிலேயே அப்படிப்பட்ட சாவுகள் பெரிதும் குறைந்துவிட்டன. இந்தியாவிலும் 2023-ல் மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலுக்குத் தடை வந்துவிட்டது. வீட்டில் பழைய பாட்டில் இருந்தால் பயன்படுத்த வேண்டாம். கார்போபியூரான் குருணையைத் தானியம் என்று பறவைகள் பொறுக்கும். தவிர்க்க முடியாமல் இட்டால் மண்ணால் மூடுங்கள். வரப்பில் சிந்த விடாதீர்கள்.

பயறு, நிலக்கடலை வயலில் ஏக்கருக்கு 20 வீதம் ‘டி’ வடிவப் பறவைத் தாங்கி நட்டால், இரட்டைவால் குருவியும் மைனாவும் உட்கார்ந்து புழுவைப் பிடிக்கும். இரவில் ஆந்தை வந்தால் எலியும் குறையும். சோளம், கம்பு வயலாக இருந்தால் மணி முற்றும்போது தாங்கியைப் பிடுங்கிவிடுங்கள்.

மாடு வளர்ப்போருக்கு

முன்பெல்லாம் செத்த மாட்டின் தோலை உரித்துப் போட்டால் மிச்சத்தைப் பாறுக் கழுகுகள் சுத்தம் செய்யும். 1990-களில் தொடங்கி, வெண்முதுகுப் பாறு இந்தியாவில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோபினாக் ஊசிதான் காரணம் என்று 2004-ல் தெரிந்தது. 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்த பின் சரிவின் வேகம் தணிந்தது. நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் பாறுகள் இன்றும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. 2023-ல் கீட்டோபுரோபன், அசிகுளோபினாக் இரண்டும் கால்நடைக்குத் தடை செய்யப்பட்டன. பொய்கைச் சந்தையில் விற்கும் மாடு எந்த ஊருக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. எனவே ஊசி போட வரும் மருத்துவரிடம் மெலாக்சிகம் அல்லது டால்பனாமிக் அமிலம் கேளுங்கள். இவை இரண்டும் பாறுக்குத் தீங்கு செய்யாதவை என்று சோதித்து அறியப்பட்டவை.

ஏரி வேலையை எங்கே தொடங்குவது என்றால், ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2002 சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் இது இருக்க வேண்டும். ஏரியில் உள்ள மரம், பறவை, மீன் விவரங்களை அந்தக் குழுவின் பதிவேட்டில் ஏற்றுங்கள். மரம் நடவும் திட்டு அமைக்கவும் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் இடமுண்டா என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்கலாம். ஆடி மாதத்துக்குள் திட்டு வேலை முடிந்தால், ஐப்பசி மழையில் கன்று வேர் பிடித்துக்கொள்ளும்.